தமிழ் வந்த தொலைபேசியும் தமிழர் கையிலுள்ள தொலைபேசியும்

2025 மார்ச் 31 ஆம் திகதி அப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 18.4 என்னும் புதுப்பிப்பை வெளியிட்டது. பத்து மொழிகள் அதில் இயங்குதள மொழிகளாகப் புதிதாய்ச் சேர்க்கப்பட்டன. வங்காளம், குஜராத்தி, கன்னடம், மலையாளம், மராத்தி, ஒடியா, பஞ்சாபி, தெலுங்கு, உருது ஆகியவற்றோடு தமிழும் அவற்றுள் ஒன்று. முதலாவது ஐபோன் விற்பனைக்கு வந்த ஆண்டு 2007. ஆக, அக்கருவியின் உள்ளறைப் பெயர்ப்பலகைகளில் தமிழைக் காண்பதற்கு ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் நாம் காத்திருந்தோம். மகிழ்ச்சிதான். ஆனால் அதிலிருந்து முப்பத்தைந்தாம் நாள் நடந்த இன்னொன்றையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மே 5 ஆம் திகதி முதல், ஐஓஎஸ் 15.1 க்கு முந்திய இயங்குதளங்களில் வட்ஸ்அப் இயங்காது என்றாகிவிட்டது. ஐபோன் 5எஸ், ஐபோன் 6, ஐபோன் 6 பிளஸ் ஆகிய மூன்றும் ஐஓஎஸ் 12 க்கு மேல் ஏற முடியாதவை. எனவே அவற்றில் வட்ஸ்அப் இல்லை. அன்ட்ரொயிட் பக்கத்தில் இதே கதவடைப்பு அவ்வாண்டு ஜனவரியிலேயே நடந்தது. 4.4 ஆம் பதிப்பும் அதற்கு முந்தியனவும் கைவிடப்பட்டன.

இவ்விரண்டு செய்திகளையும் அருகருகே அச்சிட்ட பத்திரிகை எதையும் நான் காணவில்லை. ஒன்று தொழில்நுட்பப் பக்கத்துக்குப் போயிற்று. மற்றது துணுக்குச் செய்தியாயிற்று. என்னுடைய கணக்கில் இரண்டும் ஒரே செய்தி. தமிழைத் தாங்கும் ஐஓஎஸ் 18, 2018 இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் ஆகியவற்றிலும் அவற்றுக்குப் பிந்தியவற்றிலும் மட்டுமே ஏறும். அவற்றை வைத்திருப்பவர் யார்? ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வேலைக்குப் போகும் மகனும் மகளும். அவர்களுக்கு ஆங்கிலமோ பிரெஞ்சோ தண்ணீர் பட்ட பாடு. தமிழ் முகப்பு இல்லாததால் அவர்களது ஒரு நாள் அலுவலும் தடைப்பட்டதில்லை. அது யாருக்கு வேண்டுமோ, அந்தத் தாய் உடுவிலில் இருக்கிறார். அவர் கையில் இருப்பது மகன் பாவித்துக் கழித்த பழைய தொலைபேசி.

உடுவிலை அறியாத வாசகருக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே சென்றால், இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையில், மருதனார்மடத்தை ஒட்டி அமைந்த ஊர். செம்மண் தோட்டம், கிணறு, மகளிர் கல்லூரி, பிரதேச செயலகம் எல்லாம் இருக்கின்றன. பிள்ளைகளைத் தவிர. வீட்டுக்கு ஒருவரேனும் வெளிநாட்டில் என்பது இங்கு வியப்பூட்டும் செய்தியன்று. அவர்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் பொருள்களில் சொக்கிலேற்றுக்கு அடுத்த இடம் பழைய கைத்தொலைபேசிக்கு. புதியது வாங்கியவுடன் மேசை இழுப்பறையில் போட்டுவைத்திருந்ததை ஒருநாள் அம்மாவுக்கென்று எடுத்து வருகிறார்கள். அன்போடுதான் தருகிறார்கள், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. 2021 செப்டெம்பரில் கைத்தொலைபேசி உட்பட 600 க்கு மேற்பட்ட பொருள்களின் இறக்குமதிக்கு நூறு வீத ரொக்க வைப்பை மத்திய வங்கி கட்டாயமாக்கியபோதும், 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோதும், கடையில் புதிய தொலைபேசியின் விலை பார்க்கவே அச்சமாயிருந்தது. அக்காலத்தில் அந்தப் பழைய தொலைபேசிகளே பல வீடுகளின் உயிர்நாடியாக இருந்தன.

சுன்னாகத்தில் தொலைபேசி திருத்தும் கடையொன்றில் கடந்த ஆண்டு சிறிது நேரம் காத்திருக்க நேர்ந்தது. எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் வந்தார். "தம்பி, மோன் எடுக்கிறானாம், எனக்கு மணி அடிக்குதில்லை. ஏதோ எழுத்து வந்து நிக்குது, என்னெண்டு பாரும்" என்றார். கடைப்பையன் வாங்கிப் பார்த்தான். இந்தத் தொலைபேசிக்கு இனி அப்டேற் இல்லை என்பதை அவருக்கு விளங்கப்படுத்த அவன் பட்ட பாடு சொல்லும் தரமன்று. "உடையேல்லையே, நல்லாத்தானே வேலை செய்யுது?" என்பதே அவரது கேள்வி. அந்தக் கேள்விக்கு உலகின் பெரிய நிறுவனங்கள் எவற்றிடமும் நேர்மையான பதில் இல்லை. திரையில் வந்து நின்ற அறிவித்தலோ ஆங்கிலத்தில் இருந்தது. தொலைபேசி தன் மரணத்தைக்கூட அவருக்கு விளங்காத மொழியிலேயே அறிவித்தது.

ஆண்டுதோறும் செப்டெம்பரில் ஒன்றும் அதற்குச் சற்று முன்னரோ பின்னரோ மற்றொன்றுமாக இரு பெரிய இயங்குதளங்களும் புதிய பதிப்பை வெளியிடுகின்றன. மேடையில் நின்று பேசுவோர் புகைப்படத்திலிருந்து வேண்டாதவரை அழிப்பது பற்றியும், சின்னங்கள் கண்ணாடிபோல் மினுங்குவது பற்றியும், செயற்கை நுண்ணறிவு நமக்காகக் கடிதம் எழுதுவது பற்றியும் பேசுகிறார்கள். நான் இங்கு அயலவரிடமும் உறவினரிடமும் கேட்டுப் பார்த்தேன்: அடுத்த அப்டேற்றில் என்ன வரவேண்டும்? ஒருவரும் கண்ணாடிச் சின்னம் கேட்கவில்லை. பெரும்பாலோர் முதலிற் சொன்னது, 'போன பொத்தானைத் திருப்பித் தரட்டும்' என்பதே. அழைப்பை எடுக்கும் பச்சைப் பொத்தான் நேற்று இடப்பக்கம் இருந்தது, இன்று தள்ள வேண்டியதாயிற்று, நாளை எங்கிருக்குமோ. ஆறு மாதம் பழகிய விரல் ஒரே இரவில் மீண்டும் பாலர் வகுப்புக்கு அனுப்பப்படுகிறது. இளைஞருக்கு இது ஒரு நாள் எரிச்சல். கண்புரை சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு இது ஒரு மாதத் தனிமை.

அடுத்த குறை இடம் பற்றியது. ஒவ்வொரு புதுப்பிப்பும் ஜிகாபைட் கணக்கில் வருகிறது. முற்கொடுப்பனவு அட்டையில் தரவு போட்டுப் பேசுபவருக்கு அது கொழும்புக்குப் பஸ்ஸில் போய்வருவது போன்ற செலவுக் கணக்கு. தொலைபேசியின் உள்ளேயோ இடமில்லை. (அந்த இடத்தைப் பிடித்திருப்பவை நாள்தோறும் காலையில் உறவினர் அனுப்பும் ரோசாப்பூ வணக்கங்களும் சாமிப்படங்களும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவற்றை அழிக்கும்படி ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். முருகனை எப்படி அழிப்பது?)

இவையெல்லாம் உலகில் எங்குமுள்ள முதியோர்க்குப் பொதுவானவை. தமிழருக்கே உரிய குறை மொழியில் இருக்கிறது. இது இயங்குதளங்கள் தீர்க்கக்கூடியது. ஆனால் தீர்க்க வேண்டியது என்று அவை இன்னும் உணராதது.

இந்தப் பாதையில் நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது. விண்டோஸ் 2000 உடன் லதா எழுத்துரு வந்தபோது கணினியில் யூனிகோட் தமிழ் தெரிந்ததையே விழாவாகக் கொண்டாடியவர்கள் நாம். கைத்தொலைபேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி என்பது 2005 பொங்கலன்று முத்து நெடுமாறனின் செல்லினம் சிங்கப்பூரில் வெளியானபோது நடந்தது. ஐபோனில் அஞ்சல், தமிழ்99 ஆகிய விசைப்பலகைகள் 2013 இல் ஐஓஎஸ் 7 உடன் இயல்பாகவே வந்தன. 2014 இல் வெளியான அன்ட்ரொயிட் 5.0 தமிழையும் சிங்களத்தையும் ஒரே பதிப்பில், ஒரே பட்டியலில் சேர்த்துக்கொண்டது. சிங்களத்துக்கு 1956 இலும் தமிழுக்கு 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்திலுமாக அரசகரும மொழித் தகுதி கிடைப்பதற்கு முப்பத்தொரு ஆண்டு இடைவெளி விட்ட நாட்டில், ஒரு கலிபோர்னியக் கம்பனி இரண்டையும் ஒரே நாளில் தந்துவிட்டது. அரசியலாளர் கவனிக்கத் தவறிய சமத்துவம் அது.

ஆனால் வந்த தமிழ் எந்தத் தமிழ்?

என் தொலைபேசியின் விசைப்பலகை நான் 'ரொறன்ரோ' என்று எழுதினால் அதன் கீழ்ச் சிவப்புக் கோடு இடுகிறது. 'டொராண்டோ' என்று திருத்தித் தரவும் முன்வருகிறது. 'கதிரை' என்றால் 'கதிர்' வேண்டுமா என்கிறது. 'வைத்தியசாலை', 'பிரதேச செயலகம்', 'கிராம அலுவலர்' என்ற சொற்களை முதல் இரண்டெழுத்திலேயே ஊகித்துத் தரவேண்டிய பொறி, ஒவ்வொரு தடவையும் அவற்றை முன்பின் கேள்விப்படாததுபோல் நடந்துகொள்கிறது. 'ஒக்டோபர்', 'ஓகஸ்ட்' என்று நாம் எழுதுவதெல்லாம் அதற்குப் பிழை. சென்னையில் எழுதப்படும் தமிழ் பிழையென்றோ, நமது தமிழே செந்தமிழென்றோ வாதிடுபவன் அல்லன் நான். அந்தச் சண்டை எனக்குச் சலித்துப் பல காலம். என் குறை வேறு. சீர்மொழி இது, மற்றையது பிழை என்று தீர்ப்பளிக்கும் வேலையைப் பண்டிதரும் பத்திரிகை ஆசிரியரும் செய்தபோது அவர்களோடு வாதாட முடிந்தது. விசைப்பலகையோடு யார் வாதாடுவது? இன்றைய பிள்ளை சிவப்புக் கோட்டைக் கண்டதும் சொல்லை மாற்றிவிடுகிறது. பத்தாண்டு இப்படிச் சென்றால் 'கதிரை' அகராதியில் மட்டும் உட்கார்ந்திருக்கும்.

அகராதி என்றதும் உடுவிலைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1820 இல் அமெரிக்க மிஷன் சார்பில் உடுவிலில் குடியேறியவர் மிரன் வின்சுலோ. அவர் மனைவி ஹரியற் வின்சுலோ 1824 இல் இங்கே தொடக்கிய பெண்கள் விடுதிப் பாடசாலைதான் இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி. யோசப் நைற் தொடக்கிவைத்த அகராதிப் பணியை வின்சுலோ தொடர்ந்து முடித்து, 1862 இல் சென்னையில் அச்சேற்றினார். 67,000 க்கும் மேற்பட்ட சொற்கள். அவ்வகராதியின் ஆங்கிலத் தலைப்பே, உயர்ந்த தமிழுக்கும் தாழ்ந்த தமிழுக்கும் உரியது என்று சொல்லிக்கொள்கிறது. 'தாழ்ந்த' என்ற சொல் இன்று உறுத்தும். ஆனால் அந்தத் தாழ்ந்த தமிழையும் அவர் உள்ளே விட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு இருபதாண்டு முன்பே, 1842 இல், சந்திரசேகர பண்டிதரின் அகராதி மானிப்பாயில் அச்சாகிவிட்டது. உடுவிலிலிருந்து மானிப்பாய்க்கு சைக்கிளில் போய்வரலாம். கையால் எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் இச்சிறு வட்டாரம் தமிழ்ச் சொற்களைத் தொகுத்து உலகுக்குத் தந்தது. கோடிக்கணக்கான சொற்களை ஒரு நொடியில் விழுங்கும் இயந்திரங்கள் உள்ள காலத்தில் அதே வட்டாரத்தின் சொற்கள் சிவப்புக் கோட்டின் கீழ் கிடக்கின்றன.

செய்ய முடியாததை நான் கேட்கவில்லை. பிரித்தானியர் ஒருவர் தன் தொலைபேசியில் ஐக்கிய இராச்சிய ஆங்கிலம் என்று தெரிந்தால் 'கலர்' என்ற சொல்லில் ஓர் எழுத்துக் கூடிக்கொள்கிறது. அமெரிக்க ஆங்கிலம் என்றால் குறைகிறது. அதைச் சிறுபிள்ளைத்தனமான பிடிவாதம் என்று எவரும் சொல்வதில்லை. இலங்கைத் தமிழ் என்ற பிரிவும் கணினி உலகின் பட்டியல்களில் ஏற்கனவே இருக்கிறது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எனத் தமிழுக்கு நான்கு நாட்டுக் குறியீடுகள் உண்டு. 2017 இல் கூகுள் குரல்வழித் தட்டச்சைத் தமிழுக்கு விரித்தபோதும் இப்பிரிவுகள் இருந்தன. பெயர்ப்பலகை தொங்குகிறது, கடைக்குள் சரக்கு இல்லை. நான் இலங்கைத் தமிழைத் தெரிந்துவிட்டுப் பேசினாலும் 'என்னெண்டு', 'பேந்து', 'கதைச்சனான்' என்றவுடன் அது திகைத்துப்போய் ஏதோ ஒரு திரைப்பட வசனத்தை எழுதிவைக்கிறது. செய்திவாசிப்பாளரைப்போல் பேசினால் மட்டும் சரியாக எழுதுகிறது. குரல்வழித் தட்டச்சு யாருக்காக வந்தது? விரலால் எழுத முடியாதவருக்காக. அவர்கள் செய்திவாசிப்பாளரைப்போல் பேசுவார்களா?

இன்னொரு விடயம் நம்மவருக்கே உரியது. புறத்தார்க்குச் சொன்னால் விளங்காது. பாமினி.

1990 களிலும் 2000 களிலும் ஈழத்தமிழரின் எழுத்து வேலை முழுவதும் பாமினி எழுத்துருவில் நடந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களுக்கு அதன் விசையமைப்பு இயல்பாக வந்தது. பத்திரிகைகள், கோவில் மலர்கள், பாடசாலைப் பரீட்சைத் தாள்கள், அலுவலகக் கடிதங்கள், கல்வெட்டு என்று நாம் அழைக்கும் நினைவு மலர்கள், எல்லாம் பாமினி. இன்றும் பல அலுவலகங்களில் அது ஓயவில்லை. அதன் உள்ளமைப்போ ஆங்கில எழுத்துகளின்மீது தமிழ் உருவத்தைப் போர்த்திய வேடம். எழுத்துரு இல்லாத இடத்தில் வேடம் கலைந்துவிடும். 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். மேசைக் கணினியில் எழுத்துருவை நிறுவித் தப்பித்துக்கொள்ளலாம். கைத்தொலைபேசியில்? வேலைக்கு விண்ணப்பித்த பெண்பிள்ளைக்கு அலுவலகமொன்றிலிருந்து வந்த கோப்பைத் தொலைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. நேர்முகத் தேர்வு எந்த நாள் என்று அறிய அந்தப் பிள்ளை கணினி உள்ள கடை தேடிப் போனதை நான் அறிவேன்.

ஒருங்குறிக்கு மாறாதது நம் அலுவலகங்களின் குற்றம், இயங்குதளத்தின் குற்றமன்று என்பீர்கள். சரி. 2008 இல் இலங்கை கட்டளைகள் நிறுவனம் யூனிகோடைத் தழுவி எஸ்எல்எஸ் 1326 என்ற நியமத்தை வகுத்த பின்னரும் பாமினியைக் கட்டிக்கொண்டு அழுபவரை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் இருபத்தைந்து ஆண்டு எழுதிக் குவித்ததை என்ன செய்வது? போர்க்காலத்தின் அறிக்கைகளும் கட்டுரைகளும் அதில் இருக்கின்றன. பாமினியை ஒருங்குறியாக்குவது கடினமான வித்தையும் அன்று. ஜேர்மனியில் வாழ்ந்த ஈழத்தவரான சுரதா யாழ்வாணன் பொங்குதமிழ் மாற்றியைத் தனியொருவராகச் செய்து இணையத்தில் இலவசமாக வைத்தார். தனி மனிதர் ஒருவர் ஓய்வு நேரத்திற் செய்ததைத் தொலைபேசிக்குள்ளே, 'இது பழைய எழுத்துருவில் உள்ளது, மாற்றிக் காட்டவா?' என்ற ஒரு பொத்தானாக வைக்க உலகின் மிகப்பெரிய கம்பனிகளால் முடியாதா? தொலைபேசி புகைப்படத்திலுள்ள நாயின் இனத்தைச் சொல்கிறது. தன் முன் கிடப்பது பாமினி என்று சொல்லத் தெரியவில்லை.

உயிரோடு தொடர்புடைய ஒன்றையும் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டை அடித்து 600 க்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. அந்நாள்களில் எச்சரிக்கைகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முந்திவரத் தமிழ் பிந்தியது என்ற குறை பரவலாக எழுந்தது. மலையகத்தில் மண்சரிவின் கீழ் வாழ்பவருக்கு அந்தப் பிந்துதலின் பொருள் என்னவென்று விரிக்கத் தேவையில்லை. அதைத் திருத்துவது அரசின் கடமை. தொலைபேசிக் கம்பனிமேல் சுமத்தி அரசைத் தப்பவிடக்கூடாது. எனினும் தனிச் சிங்களத்தில் வரும் குறுஞ்செய்தியை, வலையிணைப்பு அறுந்த நேரத்திலும், தொலைபேசி தனக்குள்ளேயே தமிழாக்கிக் காட்டுமாயின் அதைவிடப் பெரிய புதுமை இந்நாட்டு மக்களுக்கு வேறில்லை. ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இடையில் இதைச் செய்ய இணைப்பின்றியே முடிகிறது. சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையில், இணைப்பு இருந்தாலும், எனக்குக் கிடைக்கும் மொழிபெயர்ப்பு பல வேளை சிரிப்பூட்டுகிறது. புயல் நாளில் சிரிக்க முடியாது.

இவற்றையெல்லாம் அடுத்த பெரிய புதுப்பிப்பில் சேர்த்துவிட்டாற்கூட, முதலிற் சொன்ன சிக்கல் அப்படியே இருக்கும். புதுப்பிப்பு புதிய தொலைபேசிக்கு வரும். தமிழ் வேண்டியவர் பழையதை வைத்திருப்பார். ஆகவே என் முதற் கோரிக்கை ஒன்றுதான்: மொழியை இயங்குதளத்திலிருந்து பிரியுங்கள். எழுத்துரு, விசைப்பலகை, சொற்பட்டியல், குரல், பெயர்ப்பலகைச் சொற்கள் ஆகியவற்றைத் தனிப் பொதியாக்கி, பத்தாண்டுப் பழைய தொலைபேசிக்கும் அனுப்புங்கள். அன்ட்ரொயிட்டில் விசைப்பலகையும் குரலும் தனிச் செயலிகளாக இருப்பதால் இதில் பாதி ஏற்கனவே நடந்துள்ளது. 2021 இல் வந்த அன்ட்ரொயிட் 12 முதல், முழு இயங்குதளத்தையும் தொடாமல் எழுத்துருவை மட்டும் புதுப்பிக்கவும் வழி உண்டு. அந்த வழியை யாருக்காகத் திறந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? புதிய முகக்குறிகள் பழைய தொலைபேசியில் வெறுங்கட்டமாகத் தெரியக்கூடாது என்பதற்காக. சிரிக்கும் மஞ்சள் முகத்துக்குக் கிடைத்த இராசபாட்டையில் எங்கள் அகரத்தையும் போகவிடலாம்.

பழைய பொறியைக் காலமெல்லாம் தாங்க முடியாது, பாதுகாப்பு ஓட்டைகள் பெருகும் என்பது கம்பனிகளின் வாதம். அதில் உண்மை உண்டு. வங்கிக் கணக்கைப் பழைய தொலைபேசியில் திறக்கும்படி நானும் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் 'முடியாது' என்ற சொல் அவர்கள் வாயில் எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்பதைப் பார்க்க வேண்டும். 2018 பெப்ரவரியில் தெலுங்கு எழுத்துக்கூட்டு ஒன்று செய்தியில் வந்தால் ஐபோன் செயலிழக்கிறது என்பது உலகெங்கும் தெரியவந்தது. 'ஞானம்' என்ற சொல்லைத் தெலுங்கில் எழுதும்போது முதலில் வரும் எழுத்து அது. சில நாள்களில், அம்மாதம் 19 ஆம் திகதி, ஐஓஎஸ் 11.2.6 வந்து அதைச் சரிசெய்தது. தென்னிந்திய எழுத்து ஒன்று கருவியை நிறுத்தினால் திருத்தம் ஒரு வாரத்தில் வருகிறது. தென்னிந்திய மொழியில் கருவி பேச வேண்டும் என்றால் பதினெட்டு ஆண்டு.

முடியும் என்பதற்குச் சட்டமும் இப்போது சாட்சி. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் திறன்பேசி மாதிரி ஒவ்வொன்றுக்கும், அதன் விற்பனை முடிந்த பின்னரும் குறைந்தது ஐந்தாண்டு இயங்குதளப் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும் என்று விதி வந்துள்ளது. கூகுள் 2023 இல் பிக்சல் 8 க்கும், சாம்சுங் 2024 இல் கலக்சி எஸ்24 க்கும் ஏழாண்டு வாக்களித்தன. இவை விலையுயர்ந்த தொலைபேசிகள். சுன்னாகச் சந்தையில் தோட்டக்காரர் வாங்கும் மலிவான மாதிரியின் பெட்டியில் அப்படியொரு வாக்கு எழுதப்பட்டிருப்பதை நான் கண்டதில்லை. கொழும்பிலுள்ள ஒழுங்குபடுத்துநர் இறக்குமதியாளரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி இது: இந்தத் தொலைபேசிக்கு எந்த ஆண்டுவரை புதுப்பிப்பு உண்டு? அதைப் பெட்டியில் மூன்று மொழியிலும் அச்சிடுங்கள். பாண் பொதியில் காலாவதித் திகதி இருக்கிறது. அறுபதினாயிரம் ரூபாய்ப் பொருளில் இல்லை.

அதுவரை, நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர்வரும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அம்மாவுக்குத் தொலைபேசி கொண்டுவருமுன் அதன் இயங்குதளப் பதிப்பு எது, இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐபோனாயின் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் அல்லது அவற்றுக்குப் பிந்தியதாக இருக்கட்டும். மொழியைத் தமிழாக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, தானாகப் புதுப்பிப்பதை வீட்டு இணைப்பில் மட்டும் நடக்கும்படி வையுங்கள். விமான நிலையத்துக்கு வான் வந்து நிற்கும் நேரத்தில் இதைச் செய்யாமல், வந்த முதற் கிழமையிலேயே செய்துவிட்டு, மிச்ச நாள்களில் அம்மா அதைத் தானே பாவிக்கிறாரா என்று பக்கத்தில் இருந்து பாருங்கள்.